ஜெனோவா துறைமுக ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்: சான் ஜோர்ஜோ மாளிகையின் கதவுகள் ஆண்டு முழுவதும் திறக்கட்டும்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மேற்கு லிகூரியக் கடல் துறைமுக ஆணையம்,
சான் ஜோர்ஜோ மாளிகை,
ஜெனோவா, இத்தாலி.



கப்பல்களுக்கு இடம் ஒதுக்குவது, சரக்குப் பெட்டகங்களைக் கணக்கெடுப்பது, புதிய அலைதடுப்புச் சுவர் எழுப்புவது என்று உங்கள் அன்றாட வேலைகள் ஏராளம். அவை எல்லாவற்றையும் நீங்கள் 1260-இல் கட்டப்பட்ட ஒரு மாளிகையிலிருந்து நடத்துகிறீர்கள். அந்த மாளிகையைப் பற்றியும், அதைச் சுற்றியுள்ள பழைய துறைமுகத்தைப் பற்றியும், அங்கே வந்து இறங்கும் பயணிகளைப் பற்றியும் பேசவே இந்த மடலை எழுதுகிறோம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஜெனோவாவின் கட்டடத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

வெனிஸும் ஜெனோவாவும் கடலில் மோதிக்கொண்டிருந்த காலத்தில் மார்க்கோ போலோ ஜெனோவாக்காரர்களிடம் சிறைப்பட்டார். அதே சிறையில் பீசா நகரத்தின் ருஸ்டிச்செல்லோவும் இருந்தார். இவர் 1284-இல் நடந்த மெலோரியாக் கடற்போரில் பிடிபட்டவர் என்று கருதப்படுகிறது. 1298-இல் போலோ சொல்லச் சொல்ல ருஸ்டிச்செல்லோ எழுதியதுதான் உலகம் அறிந்த அந்தப் பயண நூல். அந்தச் சிறைவாசம் கழிந்த இடம் உங்கள் சான் ஜோர்ஜோ மாளிகைதான் என்பது ஜெனோவாவின் மரபு.

அந்த நூலில் எங்கள் கரை இருக்கிறது. போலோ அதை மாபார் என்கிறார். ஊருக்குத் திரும்பும் வழியில், 1290-களின் தொடக்கத்தில், பாண்டியர் ஆட்சியில் அவர் பார்த்த நாடு அது. இலங்கைக்கும் எங்கள் கரைக்கும் நடுவே உள்ள கடலில் முத்துக் குளிப்பவர்களைப் பற்றி எழுதுகிறார். சுறா தாக்காமல் மந்திரம் சொல்ல ஆள் வைப்பதையும், எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கும் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கும் போவதையும் குறிக்கிறார். வலது கையால் மட்டுமே சாப்பிடுவார்கள், பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார்கள் என்கிறார். இன்றும் எங்கள் பாட்டிமார் அப்படித்தான் குடிக்கிறார்கள். கடன்காரரைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் ஒரு வட்டம் போட்டுவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவர் அந்த வட்டத்தைத் தாண்டக்கூடாது என்ற வழக்கத்தையும் பதிவு செய்கிறார்.

காயல் என்ற துறைமுகத்துக்குத் தனி இடமே கொடுக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய ஊர்களிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். அரசர் ஒருவரே ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குவார். வளர்க்கும் முறை தெரியாததால் ஆண்டு முடியும்போது நூறுகூட மிஞ்சாது. ஊரார் எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்கள். இவ்வளவையும் ஒரு கைதி ஜெனோவாவில் உட்கார்ந்து நினைவிலிருந்து சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர் மன்னர்கள் கல்லில் கொடையையும் வெற்றியையும் வெட்டிவைத்தார்கள். சாமானிய மக்கள் எப்படி உண்டார்கள், குடித்தார்கள், கடன் வசூலித்தார்கள் என்பதைக் கல்வெட்டுகளில் தேடுவது கடினம். அதைச் சொல்லும் சாட்சிகளில் ஒன்று உங்கள் துறைமுகத்தில் உருவானது. எங்கள் உரிமை அங்கிருந்து வருகிறது.

இனி உங்கள் மாளிகைக்கு வருவோம்.

மக்கள் தலைவராக இருந்த குல்யெல்மோ பொக்கநேக்ரா இதைக் கட்டுவித்தார். கட்டும் பணியை முன்னின்று நடத்தியவர் சிஸ்டெர்சியன் துறவி ஒலிவேரியோ. பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிக்கேல் ஜெனோவாக்காரர்களுக்கு அளித்த வெனிஸ்காரர்களின் மாளிகையை கான்ஸ்டான்டினோபிளில் இடித்து, அதன் கற்களைக் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள் என்றும், சுவரில் தெரியும் சிங்க முகங்கள் வெனிஸின் மீது கண்ட வெற்றியின் அடையாளம் என்றும் சொல்வார்கள். 1407-இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி, 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாளிகைக்குக் குடிவந்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய பொது வங்கிகளில் ஒன்று அது. குடியரசின் கடனை நிர்வகித்தது, வரி வசூலித்தது, 1453 முதல் பல ஆண்டுகள் கோர்சிகாத் தீவையே ஆண்டது. 1502-இல் கொலம்பஸ் இந்த வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வங்கிக்குக் கொடுக்க ஏற்பாடு செய்திருப்பதாகவும், அதைக் கொண்டு ஊர் மக்கள் தானியத்துக்கும் திராட்சை மதுவுக்கும் மற்ற உணவுப் பொருள்களுக்கும் கட்டும் வரியைக் குறைக்க வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். போலோவின் நூலைப் படித்து அவர் ஓரங்களில் குறிப்பெழுதிய பிரதி இன்றும் செவில் நகர நூலகத்தில் இருக்கிறது. ஜெனோவாவில் சொல்லப்பட்ட கதையை ஜெனோவாவின் மகன் ஒருவர் பேனாவும் கையுமாகப் படித்திருக்கிறார்.

வங்கியின் பெரிய மண்டபத்தில் கொடையாளர்களின் சிலைகள் நிற்கின்றன. மிகுதியாகக் கொடுத்தவர்களுக்கு உட்கார்ந்த கோலம், மற்றவர்களுக்கு நின்ற கோலம் என்று கொடையின் அளவைச் சிலையின் தோரணையிலேயே காட்டியிருக்கிறார்கள். கடலைப் பார்த்த முகப்பு 16-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. அதில் லாட்சாரோ தவரோனே 1606 முதல் 1608 வரை தீட்டிய சுவரோவியங்கள் பின்னாளில் மழையிலும் உப்புக்காற்றிலும் கரைந்துபோயின. 20-ஆம் நூற்றாண்டில் அவற்றை மறுபடி தீட்டியிருக்கிறார்கள். நெப்போலியன் காலத்தில் வங்கி மூடப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாலை வசதிக்காக இந்த மாளிகையை இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அது கைவிடப்பட்டு, அல்ஃபிரெடோ தாந்திராதே என்ற கட்டடக் கலைஞரின் கையில் மாளிகை சீரமைந்தது. 1903-இல் உருவான துறைமுகக் கூட்டமைப்பு இதைத் தலைமையிடமாக ஏற்றது. அந்தக் கூட்டமைப்பின் வாரிசுதான் உங்கள் ஆணையம்.

இந்த வரலாற்றில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. இந்தக் கட்டடம் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. ஆட்சி மன்றம், சுங்கம், சிறை, வங்கி, துறைமுக அலுவலகம் என்று எப்போதும் யாரோ ஒருவர் இங்கே வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். வெறும் அருங்காட்சியகமாக மாறிய மாளிகைகள் இத்தாலியில் எத்தனையோ உண்டு. உங்களுடையது உயிரோடு இருப்பதற்குக் காரணம் நீங்கள் அங்கே வேலை செய்வதுதான். அதனால் நீங்கள் வெளியேற வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மக்கள் உள்ளே வந்து பார்க்க வழி செய்யுங்கள் என்று கேட்கிறோம்.

ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொகுசுக் கப்பல் பயணிகள் ஜெனோவாவுக்கு வருகிறார்கள். அவர்கள் இறங்குவது 1930-இல் திறக்கப்பட்ட கடல் நிலையத்தில். அங்கிருந்து உங்கள் மாளிகை அரைமணி நேர நடைக்குள் இருக்கிறது. அந்த அரைமணி நேரப் பாதையில் எண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. ஆனால் கப்பலில் விற்கப்படும் சுற்றுலாத் திட்டங்கள் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி போர்ட்டோஃபினோவுக்கும் மிலானுக்கும் அழைத்துச் செல்கின்றன. ஊரிலேயே தங்குபவர்களில் பெரும்பாலோர் மீன் காட்சியகத்தை நோக்கிப் போகிறார்கள். பெரிய வரலாறு கொண்ட ஒரு துறைமுக நகரம், தன் வாசலில் இறங்கியவர்களுக்கே அறிமுகமாகாமல் போகிறது.

அந்தப் பாதையில் இருப்பவற்றை எங்கள் வாசகர்களுக்காகவும் ஒருமுறை சொல்கிறோம்.

கப்பல் நிலையத்தை விட்டு வந்ததும் கொமெண்டா தி ப்ரே. 1180-இல் தூய யோவான் சபை வீரத் துறவிகள், புனித பூமிக்குப் போகும் யாத்திரிகர்கள் தங்குவதற்காகக் கட்டிய சத்திரமும் மருத்துவமனையும் இது. இன்று இங்கே இத்தாலியின் தேசியக் குடியேற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. 2022-இல் திறந்தார்கள். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பலேறிய லட்சக்கணக்கான ஏழை இத்தாலியர்களில் பெரும் பகுதியினர் தாய்நாட்டின் மண்ணைக் கடைசியாக மிதித்தது இந்தத் துறைமுகத்தில்தான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இந்த அருங்காட்சியகத்தின் பொருள் எங்களுக்கு யாரும் விளக்காமலே புரியும்.

அடுத்து கலாட்டா கடல் அருங்காட்சியகம். பழைய கப்பல் கட்டும் துறையில், துடுப்புக் கப்பல்கள் உருவான இடத்தில், 2004-இல் திறக்கப்பட்டது. அதன் முன்னே தண்ணீரில் நசாரியோ சவுரோ என்ற நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. பயணிகள் அதற்குள்ளே இறங்கிப் பார்க்கலாம்.

அதைத் தாண்டினால் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ மாற்றியமைத்த பழைய துறைமுகம். கொலம்பஸ் பயணத்தின் 500-ஆம் ஆண்டை ஒட்டி 1992-இல் நடந்த கண்காட்சிக்காக, வேலியும் சுவருமாக மூடிக்கிடந்த இந்தக் கரையை அவர் மக்களுக்குத் திறந்துவிட்டார். பருத்திக் கிடங்குகள் மாநாட்டு அரங்குகளாயின. பஞ்சுப் பொதிகள் அடுக்கிய இடத்தில் இன்று கூட்டங்கள் நடக்கின்றன.

கரையைப் பார்த்தபடி சோட்டோரிப்பா வளைவுகள். 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்தத் தாழ்வாரங்களின் காலடிவரை அன்று கடல் இருந்தது. வளைவுகளின் கீழே இன்றும் மீன் பொரித்து விற்கும் கடைகள் இருக்கின்றன. கடலை மாவைக் கரைத்து, எண்ணெய் விட்டு, விறகடுப்பில் வார்த்தெடுக்கும் ஃபரினாத்தா கிடைக்கும். பஜ்ஜியும் கடலை மாவு அடையும் தின்று வளர்ந்த எங்கள் நாக்குக்கு அது அந்நியமில்லை.

சோட்டோரிப்பாவின் எதிரே உங்கள் மாளிகை. அங்கிருந்து மேட்டில் ஏறினால் சான் லொரென்சோ பேராலயம். 1118-இல் திருத்தந்தை இரண்டாம் ஜெலாசியுஸ் அர்ச்சித்த கோயில். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நகரத்தைத் தாக்கியபோது ஒரு குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்து, வெடிக்காமல் கிடந்தது. அந்தக் குண்டின் உருவத்தைக் கோயிலுக்குள்ளேயே நன்றியோடு வைத்திருக்கிறார்கள். இன்னும் சற்று மேலே 12-ஆம் நூற்றாண்டு மதிலின் வாயிலான போர்ட்டா சொப்ரானா. இரண்டு கோபுரங்களும் கம்பீரமாக நிற்கின்றன. பக்கத்தில் கொலம்பஸ் சிறுவயதில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு. 1684-இல் பிரெஞ்சுக் கடற்படை குண்டுவீசியதில் அழிந்து, 18-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்டது.

வடக்கே திரும்பினால் 1550-களில் பெருவணிகர் குடும்பங்கள் வரிசையாக மாளிகை எழுப்பிய கரிபால்டி தெரு. 1576-இல் குடியரசு ஒரு பட்டியல் போட்டது. நகரத்துக்கு வரும் அரச விருந்தினர்களை எந்தெந்த வீட்டார் தங்கவைக்க வேண்டும், வருபவரின் தகுதிக்கு எந்த வீடு என்பதை அது வகுத்தது. விருந்தோம்பலைச் சட்டமாக்கிய அந்தப் பட்டியலில் இருந்த மாளிகைகளில் 42 மாளிகைகளை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. ஓவியர் ரூபென்ஸ் இவற்றின் அழகில் ஈடுபட்டு 1622-இல் வரைபட நூலே வெளியிட்டார். இதே தெருவின் துர்சி மாளிகையில் இசைக் கலைஞர் பகனினியின் வயலின் இருக்கிறது.

மேற்கு முனையில் லாந்தெர்னா. 1543-இல் எழுந்த 77 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். அதற்கு முன்பிருந்த கோபுரத்துக்கு 1449-இல் காவலராக இருந்தவர் கொலம்பஸின் சிற்றப்பன் முறையுள்ள அந்தோனியோ கொலம்போ. கப்பல் முனையங்களும் லாரிகளும் சூழ்ந்த நடுவே, நடைபாதை வழியாகத்தான் அதை அடைய முடியும். ஊரின் அடையாளச் சின்னத்தைக் காண ஒரு பயணி உங்கள் துறைமுகத்தின் ஓரமாகவே நடக்க வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் கோரிக்கைகள்.

முதலாவது, சான் ஜோர்ஜோ மாளிகையின் பெரிய மண்டபத்தையும் பழைய பகுதியையும் ஆண்டு முழுவதும், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட நேரத்தில் திறந்து வையுங்கள். கண்காட்சிகளுக்கும் விழாக்களுக்கும் கதவு திறக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. விழா நாளைத் தெரிந்துகொண்டு வர உள்ளூர்க்காரரால் முடியும். ஒருநாள் மட்டும் கரையில் நிற்கும் கப்பலில் வந்தவரால் முடியாது.

இரண்டாவது, கடல் நிலையத்திலிருந்து உங்கள் மாளிகை வரையிலும், அங்கிருந்து பேராலயம் வரையிலும் ஒரே தொடர்ச்சியான நடைவழியைக் குறித்துக் கொடுங்கள். தரையில் ஒரு நிறக் கோடும், ஒவ்வொரு இடத்திலும் நான்கு வரி விளக்கமும் போதும். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொருவர் கையிலும் அந்த வரைபடம் இருக்கட்டும். மூன்று மணி நேரமே கையில் உள்ளவரும் ஜெனோவாவைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு கப்பலேறுவார்.

மூன்றாவது, லாந்தெர்னாவுக்குப் போகும் நடைபாதையை உங்கள் துறைமுகத் திட்டங்களில் ஓர் அங்கமாகவே சேருங்கள். புதிய அலைதடுப்புச் சுவருக்கும் துறைமுகத்தின் அடியில் வரும் சுரங்கச் சாலைக்கும் பெரும் தொகை செலவாகிறது. கலங்கரை விளக்கத்துக்கு நிழலும் வெளிச்சமும் உள்ள, பாதுகாப்பான ஒரு நடைபாதைக்கு அதில் மிகச் சிறு பங்கு போதும்.

நான்காவது, மாளிகையின் ஓர் அறையை மார்க்கோ போலோவும் ருஸ்டிச்செல்லோவும் சேர்ந்து எழுதிய நூலுக்கு ஒதுக்குங்கள். அந்த நூலில் வரும் கரைகளை அங்கே காட்டுங்கள். அவற்றில் எங்கள் காயலும் இருக்க வேண்டும். 1490-களில் கோழிக்கோடு, இலங்கை, சோழமண்டலக் கரை வழியாகப் பெகு வரை போன உங்கள் ஊர் வணிகர் ஹிரோனிமோ தி சாந்தோ ஸ்தெஃபானோவுக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும். வாஸ்கோ ட காமா வருவதற்கு முன்பே எங்கள் கரையைக் கண்ட ஜெனோவாக்காரர் அவர். உடன் போன கூட்டாளியைப் பெகுவில் இழந்து, சரக்கையும் இழந்து, 1499-இல் சிரியாவின் திரிப்போலியிலிருந்து தன் பயணத்தைக் கடிதமாக எழுதினார். அவரைப் பற்றி நம் இரு ஊர்களிலும் இன்னும் பலர் அறிய வேண்டும்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் எங்களுக்குத் தெரியும். இது இயங்கிக்கொண்டிருக்கும் அலுவலகம், பாதுகாப்பு விதிகள் கடுமையானவை, சுற்றுலா நகராட்சியின் வேலை என்று சொல்லலாம். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் பேராலயத்தில் வழிபாடும் நடக்கிறது, பார்வையாளர்களும் வருகிறார்கள். துர்சி மாளிகை நகராட்சியின் இருப்பிடம், அருங்காட்சியகமும் அதே கூரையின் கீழ் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை. 1992-க்கு முன்பும் இதே தயக்கம்தான் கரையை மக்களிடமிருந்து பிரித்து வைத்திருந்தது. கரையைத் திறந்ததால் துறைமுகத்தின் வேலை நின்றுவிடவில்லை. ஊருக்கும் துறைமுகத்துக்கும் இருந்த உறவுதான் பலப்பட்டது. சுற்றுலா யாருடைய வேலை என்ற கேள்விக்கும் விடை எளிது. பயணிகள் உங்கள் கரையில் இறங்குகிறார்கள், உங்கள் முனையத்தின் வழியாக வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் வழி காட்ட வேண்டியவர்கள் நீங்கள்தான்.

உங்கள் மாளிகையின் முன்னே 1965 முதல் ஒரு மேம்பாலச் சாலை ஓடுகிறது. கடலைப் பார்க்கக் கட்டிய முகப்புக்கும் கடலுக்கும் இடையே அது நிற்கிறது. அதை என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் மக்கள் பேசி முடிவெடுக்கட்டும். பாலம் இருக்கும்வரை மாளிகையின் கடல்முகம் மறைந்தே இருக்கும் என்பதால், கதவைத் திறந்து வைக்கும் கடமை உங்களுக்குக் கூடுகிறது.

கடைசியாக, எங்கள் பக்கத்துக் கடமையையும் சொல்ல வேண்டும். போலோ எழுதிய காயலை, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள பழையகாயல் என்று 19-ஆம் நூற்றாண்டில் தமிழறிஞர் கால்டுவெல் அடையாளம் கண்டார். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இன்றும் அந்த ஊர் இருக்கிறது. கடல் பின்வாங்கி, ஆற்று மண் மேடிட்டு, அரபுக் குதிரைகள் வந்திறங்கிய துறை ஊரை விட்டு விலகிப்போனது. அதற்குப் பக்கத்தில் இன்று பெருந்துறைமுகமாக இருப்பது, வெள்ளையருக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகம். சான் ஜோர்ஜோ மாளிகையில் காயலுக்கு ஓர் இடம் கேட்கும் நாங்கள், பழையகாயலிலும் போலோவின் குறிப்புகளைத் தமிழில் பொறித்த ஒரு பலகை வைக்க வேண்டும் என்று எங்கள் மாநிலத் தொல்லியல் துறையையும் தூத்துக்குடித் துறைமுக ஆணையத்தையும் இதே மடலின் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு துறைமுகங்களும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளலாம். படங்களையும் நூல் பக்கங்களையும் பரிமாறிக்கொள்ளலாம். இதற்குப் பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, இரண்டு அலுவலகங்களில் இரண்டு பொறுப்புள்ள அலுவலர்கள் போதும்.

வரலாற்றுக் கட்டடங்களைக் காப்பது என்றால் சுவரைக் காப்பது மட்டுமல்ல. அந்தச் சுவருக்குள் நடந்ததை வருபவர்களுக்குச் சொல்வதும் சேர்ந்ததுதான். சுவரைக் காக்கும் பணியை ஜெனோவா நன்றாகவே செய்திருக்கிறது. ஏழரை நூற்றாண்டு கடந்தும் மாளிகை நிற்கிறது. சொல்லும் பணி உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கப்பல் பருவம் தொடங்குவதற்குள் திறக்கும் நாட்களையும் நேரத்தையும் அறிவியுங்கள் என்று வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மிகுந்த மரியாதையுடன்,
ஆசிரியர் குழு